ஊர் சுத்தின பொன்னாடை

இப்பல்லாம் தெருவுக்குத் தெரு பச்சை டப்பா, நீல டப்பான்னு வெச்சு மேல 'மறுசுழற்சி'ன்னு எழுதியிருக்காங்க. பழசை வேறொண்ணா ஆக்கி மறுபடி புழங்கணுமாம். நல்ல சங்கதிதான். பூவரசங்கோட்டை மல்லப்ப ராசா அரண்மனையில அந்த வார்த்தை தெரியாமலே அந்தக் காரியம் நடந்துச்சு. ஆனா பாதிதான். சுழற்சி மட்டும்.

ராசாவுக்கு ஒரு வியாதி. ஆளைப் பாத்தா பொன்னாடை போர்த்தணும். புலவர் பாடினா பொன்னாடை. வைத்தியர் நாடி பிடிச்சா பொன்னாடை. குதிரைப்படைத் தலைவர் கீழ விழாம குதிரையை விட்டு இறங்கினா அதுக்கும் ஒண்ணு. ராசாவைச் சிரிக்க வைக்கிறதையே உத்தியோகமா வெச்சிருந்த ஒச்சப்பனுக்கும் ஒரு நாள் கிடைச்சுது.

வீட்டுக்குக் கொண்டு போனான். அவன் பெண்டாட்டி சிட்டம்மா விரிச்சுப் பாத்தா.

"ஏங்க, இதைப் போட்டுக்கிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியுமா?"

"முடியாது."

"மத்தவங்கல்லாம் என்ன பண்றாங்க?"

"உக்கிராணத்துப் பின்வாசல்ல அனந்தப்பர்கிட்ட குடுத்தா ஒரு மரக்கால் நெல்லு தருவாராம்."

"நெல்லு நாலு நாள்ல தீந்துரும்"ன்னா சிட்டம்மா. சர்ருன்னு கிழிச்சா. பாதி, குழந்தைக்குத் தூளி. மிச்சத்துல ஒரு துண்டு தண்ணிக்குடத்துக்குச் சும்மாடு. கடைசித் துண்டு அடுப்படியில கரித்துணி.

அனந்தப்பர்தான் அரண்மனை உக்கிராணத்துக்கு, அதாவது சாமான் கிடங்குக்கு, சாவி வெச்சிருந்தவர். போன பொன்னாடை எல்லாம் பின்வாசல் வழியா ஒழுங்கா வந்துச்சு. ஒண்ணு மட்டும் வரலை. ஒரு மாசம் பாத்தார். அப்புறம் ஒரு நாள் குளத்தங்கரையில, சிட்டம்மா தலையில, குடத்துக்கு அடியில சரிகை பளபளன்னு மின்னிச்சு. மனுசன் நேரா சபைக்கு ஓடினார்.

"பிரபு! நீங்க போர்த்தின பொன்னாடை ஒச்சப்பன் வீட்டுல சும்மாடு!"

"என்னது?"

"சும்மாடு பிரபு. விசாரிச்சதுல, கரித்துணியும்."

ராசாவுக்கு மீசை துடிச்சுது. "டேய் ஒச்சப்பா! நெசமா?"

"தூளியை விட்டுட்டார் மகாராசா. தூளியும் இருக்கு."

சபையில ஒருத்தன் சிரிச்சான். ராசா சிரிக்கலை. "இவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்துங்க. கழுதை மேல ஏத்தி, பெண்டாட்டி பிள்ளையோட எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வாங்க!"

காவலன் கழுதை பிடிக்க ஓடினான். ஒச்சப்பன் யோசிச்சான். கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருல போய் நிக்கிறது? அப்பத்தான் பக்கத்துல இருந்த வெள்ளித்தட்டைப் பாத்தான். புலவருக்கு அன்னைக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை அதுல மடிச்சு வெச்சிருந்துச்சு. லேசா ஒரு வாடை. ஒச்சப்பனுக்கு உசுரு வந்துச்சு.

"மகாராசா, போறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை மோந்து பாத்துக்கவா? நல்ல பட்டு வாசனை பிடிச்சு ரொம்ப நாளாச்சு."

"தொலை."

ஒச்சப்பன் பொன்னாடையை எடுத்து ஒரு ஓரத்தை மோந்தான். "மூக்குப்பொடி." இன்னொரு ஓரம். "விளக்கெண்ணெய்." நடுவுல மூக்கை வெச்சு உடனே எடுத்துட்டான். "இது குதிரை மகாராசா. மனுச வாடையே இல்லை."

"கொண்டா இங்க!" ராசா வாங்கி முகத்துல வெச்சார். படபடன்னு மூணு தும்மல். தும்மி முடிச்சுட்டு அனந்தப்பரைப் பாத்தார்.

"நேத்துதான் தறியில இருந்து இறங்கி வந்துச்சுன்னு சொன்னீரே? மூக்குப்பொடி எப்படி வந்துச்சு?"

"நெய்யிறவர் பொடி போடுவாரா இருக்கும் பிரபு."

"விளக்கெண்ணெய்?"

"அவருக்கு… வயிறும் சரியில்லை பிரபு."

"குதிரை?"

அனந்தப்பர் சாவிக்கொத்தை மடியில சொருகிக்கிட்டு வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

ஒச்சப்பன் மெதுவா சொன்னான்: "மகாராசா, இதுவரைக்கும் உங்க கையால வாங்கினவங்க எல்லாரையும் அவங்கவங்க பொன்னாடையைக் கொண்டாரச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர் கொண்டாந்தாலும் நானே ஓடிப்போய் கழுதை மேல ஏறிக்கிறேன்."

ராசா சபையைச் சுத்திப் பாத்தார். பதினேழு தலை குனிஞ்சுது. புலவர்தான் முதல்ல உடைஞ்சார். "பின்வாசல்ல… ஒரு மரக்கால் நெல்லு மகாராசா."

"உம்ம பாட்டாவது புதுசாய்யா?"

புலவர் இன்னும் கொஞ்சம் குனிஞ்சார். பக்கத்து நாட்டு ராசாவுக்குப் பாடினதுல பேரை மட்டும் மாத்தியிருந்தார்.

"அப்ப நான் குடுத்ததை ஒருத்தன் கூட வெச்சுக்கலையா?"

"நான் வெச்சிருக்கேன் மகாராசா. மூணு துண்டா. ஒண்ணுல என் மக தூங்குறா. ஒண்ணு குடம் சுமக்குது. ஒண்ணு சூடு தாங்குது. மத்ததெல்லாம் போன மாதிரியே திரும்பி வந்துச்சு. உள்ள வர்றப்ப மட்டும் புதுசுன்னு பேரு, உங்க கஜானாவுல இருந்து புது விலை. எங்க வீட்டுக்கு வந்தது ஒண்ணுதான் உருப்படியா ஒரு வேலைக்குப் போச்சு. சுத்துறதுல ஒண்ணு குறைஞ்சுது பாருங்க, அதான் அனந்தப்பருக்கு என் மேல கோபம்."

ராசாவுக்கு முதல்ல உதடு துடிச்சுது. அப்புறம் தொப்பை குலுங்கிச்சு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார்.

அந்த நேரம் பாத்து காவலன் வந்து நின்னான். "கழுதை தயார் மகாராசா."

"வேணாம். திருப்பி அனுப்பு."

"ஐயோ, வீணாக்காதீங்க மகாராசா"ன்னான் ஒச்சப்பன். "இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு. நம்ம சபையில வேற யாருக்காவது உபயோகப்படும்."

சபை மொத்தமும் அனந்தப்பரைப் பாத்துச்சு. ராசா எழுந்து போய், அந்த மூக்குப்பொடி ஆடையைத் தன் கையாலயே அவருக்குப் போர்த்தினார். அதுக்கு அது பதினெட்டாவது கழுத்து. போர்த்தின கையோட கழுதை மேல ஏத்தி அனுப்பிட்டாங்க.

"ஒச்சப்பா, உனக்கு என்ன வேணும், கேளு"ன்னார் ராசா. "ஒரு கறவை மாடு தரேன். அதோட நெசமாவே புதுசா ஒரு பொன்னாடையும் போர்த்துறேன்."

ஒச்சப்பன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"மாட்டை முழுசா குடுங்க மகாராசா. பொன்னாடையைக் கிழிச்சே குடுத்துருங்க. சிட்டம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம்."