இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: கதை முடியும்வரை யாரையும் திட்டக் கூடாது. எனக்கே அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, அயர்லாந்தின் மேற்கு மலைகளில் டர்லோ என்றொரு குலத்தலைவர் இருந்தார். அங்கே தலைவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்ப்பதில்லை; நம்பிக்கையான வீட்டில் கொடுத்து வளர்ப்பதுதான் வழக்கம். டர்லோ தன் மகன் கஹலைக் கைக்குழந்தையாகவே ஒனோரா என்ற கைம்பெண்ணிடம் ஒப்படைத்தார். அவளுக்கும் அதே வயதில் டெர்மட் என்றொரு மகன் இருந்தான். இருவருக்கும் அவளே பால் கொடுத்தாள். இருவரும் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள். இந்த வளர்ப்பு உறவை அந்த மக்கள் இரத்த உறவுக்கும் மேலாக வைத்திருந்தார்கள். வளர்த்தவள் பிள்ளையைக் காக்க வேண்டும். பிள்ளையும் வளர்த்த வீட்டைக் காக்க வேண்டும்.

பையன்கள் வாலிபர்களானபோது ஆங்கிலேயர் படை வந்து மலையடிவாரக் கோட்டையில் இறங்கியது. டர்லோ கலகம் செய்யமாட்டார் என்பதற்குப் பிணையாக அவருடைய மகனைத் தளபதி கேட்டான். டர்லோ வாக்குக் கொடுத்தார். ஆனால் அனுப்ப நினைத்தது டெர்மட்டை, கஹல் என்ற பெயரில்.

ஒனோரா மறுத்தாள்.

"எனக்காகக் கேக்கல, ஒனோரா. அயர்லாந்துக்காகக் கேக்கறேன்" என்றார் டர்லோ. போன வருஷம்வரை தன் குலம், தன் மாடு, தன் மலை என்று மட்டுமே பேசியவர் அவர். பக்கத்து மலைக்காரனும் அயர்லாந்துதான் என்பது ஆங்கிலேயர் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "நான் வாக்கை மீறமாட்டேன். பையனுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்போதும் அவள் அசையவில்லை. கஹல் டெர்மட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இவனுக்கு ஆபத்துன்னா நானே போய் என் பேரைச் சொல்லிடறேன், அம்மா" என்றான். அதை நம்பித்தான் அவள் மகனை அனுப்பினாள்.

அறுவடை முடிந்தது. டர்லோ கலகத்தில் இறங்கினார். கஹல் மலைக்குப் பின்னாலிருந்த காட்டில் ஒளிந்துகொண்டான். பிணையாக வந்தவனைத் தூக்கிலிடப் போவதாகத் தளபதி அறிவித்தான். ஒனோரா காட்டுக்கு ஆள் அனுப்பினாள். சேதி கஹல் கையில் சேர்ந்தது, அவன் வரவில்லை. அவளே கோட்டை வாசலுக்குப் போனாள்.

"ஐயா, இவன் தலைவரோட மகன் இல்லைங்க. நான் பெத்த பிள்ளை. கஹல் மலைக்குப் பின்னாடி காட்டுல இருக்கான்."

தளபதி சிரித்தான். அவனுக்கும் அந்நாட்டு வழக்கம் தெரியும். வளர்த்த பிள்ளையைக் காப்பாற்ற இந்தப் பெண்கள் எந்தப் பொய்யும் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். டெர்மட்டை வரவழைத்து, "இவள் உனக்கு யார்?" என்று கேட்டான்.

அவன் உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே படை காட்டுக்குள் பாயும்.

"வளர்த்தவங்க. பெத்தவங்க இல்ல" என்றான் டெர்மட்.

மறுநாள் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

சண்டை ஓய்ந்த பிறகு குலத்தார் தங்கள் குல நீதிபதியின் முன்னால் கூடினார்கள். அங்கே எழுந்து குற்றம் சாட்டியது யார் தெரியுமா? கஹல்.

"எனக்குப் பால் குடுத்தவளே நான் ஒளிஞ்சிருந்த இடத்தை எதிரிகிட்ட சொல்லிட்டா. இவளைக் குலத்தைவிட்டுத் தள்ளி வைக்கணும்."

"நீ வர்றேன்னு சொன்னியேப்பா" என்றாள் ஒனோரா.

"நான் செத்திருந்தா நாளைக்கு இந்த நாட்டுக்குத் தலைவன் யாரு?"

டர்லோ தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரிக்குக் கொடுத்த வாக்கு வாக்கே அல்ல என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள்.

ஒருவர் சொன்ன சொல்லை மீறினார். ஒருவன் வருவதாகச் சொல்லி வரவில்லை. ஒருத்தி வளர்த்த பிள்ளையின் இடத்தைச் சொன்னாள். ஒருவன் பெற்றவளையே மறுத்தான். நீங்களே சொல்லுங்கள், இவர்களில் துரோகி யார்?

விடை: நீதிபதி இப்படித்தான் தீர்த்தார். டெர்மட் மறுத்தது தன் உயிரைக் கொடுப்பதற்காக. அதைத் துரோகம் என்று சொல்ல நாக்கு கூசும். ஒனோரா காக்க வேண்டிய பிள்ளைகள் இருவர். கழுத்தில் கயிறு விழவிருந்தவனுக்காக அவள் பேசினாள். டர்லோ பொய்யர், ஊரான் பிள்ளையைப் பணயம் வைத்தவர். அந்தப் பழி அவருக்கு உண்டு. ஆனால் அந்த வளர்ப்பு உறவிலிருந்து பால், அண்ணன் தம்பி பாசம், கடைசியில் உயிர் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எதையுமே திருப்பித் தராதவன் கஹல் ஒருவன்தான். துரோகி அவனே. ஒனோராவை அவன் தன் வீட்டில் தாயாக வைத்துத் தாங்க வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார். அவள் போகவில்லை. டெர்மட்டைப் புதைத்த இடம் கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. அங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். சாகும்வரை அவளுடைய சொந்த ஜனங்கள் அவளை இங்கிலீஷ்காரன் பக்கம் போனவள் என்றே சொன்னார்கள்.