மண்ணைக் கக்காத அயிரை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கை நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் அவன் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அடுத்த நொடியே அது சட்டமாகிவிடும். அவனுடைய ஏழு வயது மகள் செங்கமலம் மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். காரியம் முடிந்த மறுநாளே ராஜா முரசறையச் சொன்னான்: "இனி அரண்மனைக்குள் யாரும் அழக்கூடாது. குழந்தையின் பெயரைச் சொல்லக்கூடாது. மீறினால் நாடு கடத்தல்."

பாவம், ஒரு சொட்டு விழுந்தால் மொத்தமும் உடைந்துவிடும் என்று அவனுக்குப் பயம். அதை எடுத்துச் சொல்லச் சபையில் ஆள் இல்லை. பிரதானி திருமேனி மட்டும் "மன்னர் நெஞ்சு வைரம்" என்று புகழ்ந்து, வாரத்துக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டிருந்தார். ராணி அழவில்லை, பேசவில்லை, கஞ்சித் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. மூன்று மாதத்தில் வளையல் கழன்று விழுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். இப்படியே போனால் ஆடி தாண்டாது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

அரண்மனைக்கு அயிரை மீன் கொண்டுவருகிறவள் மூக்காயி. அயிரை விரல் நீளம்கூட இராது. கண்மாயின் அடிமணலில் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். செங்கமலம் இருந்தபோது, மூக்காயி பானையை இறக்கியதும் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வாள்.

"ஆத்தா, இதுக்கு ஏன் மீசை?"

"அடியில ஒரே இருட்டு தாயி. மீசையால தடவித்தான் புழு பூச்சி தேடும். மண்ணோட சேத்து உறிஞ்சிரும்."

"அப்பறம் ஏன் மேல வருது?"

"தண்ணி கெட்டுப்போனா மூச்சு முட்டும்ல? ஒரு வாய் காத்துக் குடிச்சிட்டுப் போயிரும்."

குழந்தை போனதிலிருந்து அரண்மனையில் யாரும் மீன் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள்தான் மறுபடி ஆள் அனுப்பினார்கள். மூக்காயி பானையை இறக்கினாள். பக்கத்தில் யாரும் வந்து குந்தவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுததைத் திருமேனி பார்த்துவிட்டு, ராஜா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அழுதாயா?" என்று கேட்டான் ராஜா.

"அழுதேன் சாமி."

"சட்டம் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சாமி. கண்ணுக்குத் தெரியல."

ராஜாவின் உதடு லேசாக அசைந்தது. "வாய்க்காரிதான். சரி, உன் கைப்பக்குவத்தில் ராணி இன்றைக்கு ஒரு பிடி சோறு சாப்பிட்டால் மன்னித்துவிடுகிறேன். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடு."

"வைத்தியரால் ஆகாதது மீன்காரியால் ஆகுமா மன்னா?" என்று சிரித்தார் திருமேனி.

அறுபது வயதில் எந்த ஊருக்குப் போய் எந்தக் கண்மாயில் இறங்குவது? மூக்காயி யோசித்துக்கொண்டே சமையற்கட்டுக்குப் போனாள். அயிரையை உயிரோடு பாலில் விடுவார்கள். வயிற்று மண்ணையெல்லாம் அது கக்கிய பிறகுதான் குழம்பு. சமையற்காரர் வழக்கம்போலப் பால் சட்டியை நீட்டினார். மூக்காயி அதைத் தள்ளி வைத்துவிட்டு, பாதி மீனை அலசிக் கொதிக்கிற புளியில் போட்டாள்.

ராஜாவும் ராணியும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். விஷம் பார்க்கிற சாக்கில் திருமேனி முதல் வாய் போட்டுக்கொண்டார். பல்லில் மண் நறநறத்தது. குறை சொன்னால் விருந்தை ஏற்பாடு செய்த ராஜாவுக்குக் கோபம் வருமே என்று, "அமிர்தம் மன்னா" என்றார்.

ராஜா ஒரு வாய் வைத்தான். உடனே துப்பினான்.

"ஒரே மண். இதுவா அமிர்தம்? அப்படியானால் சட்டி முழுவதும் நீரே சாப்பிடும்." மூக்காயி பக்கம் திரும்பினான். "பாலில் விடவில்லையா நீ?"

"விடல சாமி."

"ஏன்?"

"உள்ள இருக்கறத வெளிய விடக்கூடாதுன்னு இந்த அரமனையில சட்டம். மனுசருக்கு உள்ளது மீனுக்கும் உண்டுன்னு நெனச்சேன். கக்க விடாம ஆக்கினா எது தொண்டையில எறங்கும் சாமி? மகாராணிக்கு மூணு மாசமா அதனாலதான் சோறு எறங்கல."

காவலன் ஈட்டியை மாற்றிப் பிடித்தான்.

அப்போது ராணி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, வாயைத் திறந்தாள். "செங்கமலம்" என்றாள். பிறகு இலை மேலேயே கவிழ்ந்து அழுதாள். எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். நாடு கடத்துவதென்றால் முதலில் ராணியைக் கடத்த வேண்டும். அவன் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தானும் வாய்விட்டு அழுதான். அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் மூக்காயி மீதி அயிரையைப் பாலில் விட்டு, அது மண்ணைக் கக்கியதும் மறுபடி குழம்பு வைத்திருந்தாள். புதுக் குழம்பில் பிசைந்து ராணி ஒரு பிடி சாப்பிட்டாள்.

சட்டம் அன்றே போயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மூக்காயிக்குப் போட்டான். அப்புறம் சின்னப்பிள்ளை மாதிரி கேட்டான்: "எல்லாம் வெளியே வந்துவிட எத்தனை நாள் ஆகும், ஆத்தா?"

"மீனுக்கு ஒரு நாழிகை போதும் சாமி. என் மூத்தவன் போயி இருவத்திரண்டு வருசம். எனக்கு இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு."