பத்தடி தள்ளி நின்ற பல்லக்கு

முன்னொரு காலத்தில் குவளைநாட்டைப் பூபாலசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பாதி நேரம் ஆண்டார், மீதி நேரம் சாப்பிட்டார்.

ஒரு தைப்பூசத்தன்று ஊர்வலம் போகப் பட்டத்து யானைமேல் ஏறினார். மண்டியிட்டிருந்த யானை முக்கியது, முனகியது, எழ முடியாமல் அப்படியே படுத்துக்கொண்டது. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பங்குனி உத்திரத்தன்று அவர் பால்குடம் சுமந்து குவளைமலையின் முந்நூறு படியையும் நடந்தே ஏறியாக வேண்டும். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வழக்கம் அது. ஏறாத ராஜாவுக்கு மகுடம் கிடையாது.

"நாளை முதல் ஒருவேளைக் கஞ்சி! கோட்டையைப் பத்துச் சுற்று ஓட்டம்!" என்று சபையில் முழங்கினார்.

"பத்தென்ன மகாராஜா, இருபது ஓடுங்கள்!" என்றார் மைத்துனர் தளவாய் வல்லபர்.

மூன்றாம் நாள் ராஜா மடப்பள்ளியில் அகப்பட்டார். மடியில் நாற்பது அதிரசம்.

மந்திரியைக் கண்டாலே தளவாய்க்கு வயிறு எரியும். "எல்லாம் மந்திரி கண்வைத்ததால் வந்த வினை. அவரே தங்களை மலையேற்றட்டும். முடியாவிட்டால் அவர் தலையை வாங்கிவிடலாம்" என்றார்.

வெட்கத்திலிருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது.

மந்திரி திருவேங்கடர் கும்பிட்டார். "கோட்டையைச் சுற்ற வேண்டாம், மகாராஜா. நேற்றைவிட இன்று பத்தடி கூட நடந்தால் போதும். தினம் இரண்டு அதிரசமும் உண்டு."

"பத்தடியா? பச்சைக்குழந்தை நடக்குமே!"

மறுநாள் பல்லக்கு வாசலில் இல்லை, பத்தடி தள்ளி நின்றது. அடுத்த நாள் இருபதடி. "எவன்டா அங்கே வைத்தது?" என்று வைதுகொண்டே ராஜா போய் ஏறுவார். மாசி முடிவதற்குள் பல்லக்கு குளக்கரையைத் தாண்டிவிட்டது. அதுவரை நடந்தும், வைவதற்கு அவரிடம் மூச்சு மிச்சமிருந்தது.

பங்குனி உத்திரம் வந்தது. ராஜா அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "மந்திரியாரே, என்னால் ஆகாது. என் மகுடம் போகட்டும், உம் தலை போகுமே ஐயா! என் பல்லக்கு எங்கே?"

"அதோ, மகாராஜா."

பல்லக்கு மலையுச்சியில் நின்றது.

"எவன்டா அங்கே கொண்டுபோய் வைத்தது!"

கோபத்தில் பால்குடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார். சாமி பெயரையும் பல்லக்குத் தூக்கிகள் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஏறினார். பல்லக்கைத் தொட்டபோது காதருகே கோயில் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தார். முந்நூறு படியும் கீழே கிடந்தது.

"நானா? நானா ஏறினேன்?" என்றார். பால்குடத்தைச் சந்நிதியில் இறக்கிவைத்துவிட்டு, பின்னாலேயே வந்த மந்திரியைக் கட்டிக்கொண்டு அழுதார். தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். தளவாய் நாற்பதாம் படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து ராஜா யானைமேல் அமர்ந்தார். யானை ஒரே மூச்சில் எழுந்தது. ஊரே திகைத்துப்போனது.

"நானும் வருகிறேன்!" என்று தளவாய் யானையை மண்டியிடச் செய்து பின்னால் ஏறிக்கொண்டார். யானை முக்கியது, முனகியது, மறுபடி படுத்துக்கொண்டது.

ராஜா திரும்பி மைத்துனரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மந்திரியாரே, நாளை முதல் தளவாயின் பல்லக்கு அவர் வாசலிலிருந்து பத்தடி தள்ளி நிற்கட்டும்."