இலுப்பைச் சாலைக்கு வந்த கேடு

ஒரு பழைய பண்ணையில் மாடுகள் கூடி வாழ்ந்தன. தொழுவத்திலிருந்து குளம் வரை ஒரு பாதை. அதன் இருபுறமும் வரிசை பிசகாத இலுப்பை மரங்கள். யார் நட்டார்களோ, அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்! சித்திரை வெயிலிலும் கன்றுகள் நிழலிலேயே நடந்துபோய்த் தண்ணீர் குடித்தன.

இது ஒரு கொக்குக்குப் பொறுக்கவில்லை. மரங்கள் போனால் புல் முளைக்கும், புல்லில் வெட்டுக்கிளி பெருகும் என்று அதற்கு நாக்கு ஊறியது. மந்தைத் தலைவனான மயிலைக் காளையின் முதுகில் போய் உட்கார்ந்தது.

"அண்ணே! உங்க கொம்பு என்ன அழகு! நீங்க நடந்து வர்ற கம்பீரத்தை இந்த மரங்க மறைக்குதே! இதுங்க போனா பாதையெல்லாம் புல்லும் முளைக்கும்!"

காளைக்குத் தலைகால் புரியவில்லை. உடனே முள்ளம்பன்றிகளைக் கூப்பிட்டது. "அடிமரத்துப் பட்டையைச் சுத்தி உரிச்சுத் தின்னுங்க!" என்றது.

சினையாக இருந்த செவலைப் பசு ஓடிவந்தது. "ஐயையோ! தையில எனக்குக் கன்னு பொறக்கும். கோடையில அது எப்படிக் குளத்துக்கு நடக்கும்?"

"புல்லு வேணுமா, நிழல் வேணுமா?" என்று காளை மந்தையைக் கேட்டது.

"புல்லு! புல்லு!" என்று மற்ற மாடுகளெல்லாம் தலையாட்டின. வெட்கங்கெட்டவை! பிறந்த நாள் முதல் அந்த நிழலில் நடந்தவைதானே எல்லாம்?

மரங்கள் பட்டுப்போய்ச் சாய்ந்தன. புல் முளைத்தது, பங்குனியிலேயே கருகியது. கொக்கு வேறு ஊருக்குப் பறந்துவிட்டது.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் உச்சிவெயிலில், குளத்துக்குப் பாதி வழியில் செவலையின் கன்று சுருண்டு விழுந்தது. பசு அதன்மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டு கத்தியது.

"அழாதே செவலை! நாளைக்கே புதுச் செடி வச்சிடலாம்" என்றது காளை.

"வைங்க! அது மரமாகிறதுக்குள்ள நாம எல்லாரும் செத்திருப்போம். என் பிள்ளை இன்னிக்குத் தண்ணி குடிக்கணும்! மரம் நின்ன இடத்தில வந்து நில்லுங்க. எல்லாரும்!"

மாடுகள் எல்லாம் ஓடிவந்தன. குளம் வரை இரண்டு வரிசையாக நெருங்கி நின்றன. அவற்றின் வயிற்றடி நிழலில் கன்று எழுந்து தள்ளாடி நடந்துபோய்த் தண்ணீரில் வாய் வைத்தது.

காளையின் முதுகு கொதித்தது. "போதுமா? நிக்க முடியலையே!"

"கன்னு இன்னும் திரும்பி வரணும். அசையாதீங்க! அந்த இலுப்பைங்க ஒரு நாளாவது இப்படி அலுத்துக்கிச்சா?" என்று சீறியது செவலை.

யாரோ நட்ட நிழலைத் தன் ஆசைக்காக அழிப்பவன், அந்த வெயிலைத் தன் முதுகிலேயே சுமக்க வேண்டும்.