பச்சையம்மா சொல்லாத பேரு

ஒரு ஊர்ல ஒரு பச்சையம்மா இருந்தா. ஜோலார்பேட்டைக்குக் கிழக்கால, நடந்தா ரெண்டு மணி நேரம். கட்டிக்கிட்டு வந்து நாலு வருசம் ஆச்சு, புருசன் பேரை ஒரு தரம்கூட வாயால சொன்னதில்ல. சொன்னா அவருக்கு ஆயுசு கொறஞ்சிடும்னு அவங்கம்மா சொல்லி அனுப்பியிருந்தா. அவ மட்டும் இல்ல, அந்த ஊர்ல எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டா. என்ன, தூங்கிட்டியா? ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அப்போ பெரிய சண்டை வந்துச்சு. சண்டை எங்கியோ கடல் தாண்டி. ஆனா இங்க அரிசி காணாமப் போச்சு, மண்ணெண்ணெய் காணாமப் போச்சு, ஆம்பளைங்களும் காணாமப் போயிட்டாங்க. பச்சையம்மா புருசனும் காக்கி நிஜார் மாட்டிக்கிட்டு பர்மாப் பக்கம் போயிட்டாரு. வீட்டுல மாமியார் இல்ல, நாத்தனார் இல்ல, இவ ஒருத்திதான்.

அப்புறம் அரிசிக்குக் கார்டு போட்டாங்க. அதுவரைக்கும் சாவடிப் பக்கமே தலை காட்டாத பொம்பளைங்க எல்லாம் வரிசை கட்டி நின்னாங்க. குமாஸ்தா கேட்டாரு, "வீட்டுக்காரர் பேரு?"

"திருப்பதி சாமி பேருங்க."

"வெங்கடேசனா?"

"ம்ஹூம்."

"சீனிவாசன்? கோவிந்தன்?"

"ம்ஹூம். அந்தச் சாமி எங்க நிக்குதுங்க?"

"மலையில."

"எத்தினி மலைங்க?"

"ஏழு. அட, ஏழுமலையா?"

இவ தலையை ஆட்டினா. இவளுக்குப் பின்னால முப்பது பொம்பளைங்க, முப்பது விடுகதை. பாவம், அந்தாளுக்கு அன்னிக்குச் சோறே எறங்கல.

அப்புறம் ஒரு நாள் டிணிங் டிணிங்னு சைக்கிள் வந்துச்சு. ரிஜிஸ்தர் தபால். பழைய தபால்காரரும் பட்டாளத்துக்குப் போயிட்டாரு, இவரு புது ஆளு. "புருசன் பேரைச் சொல்லி வாங்கிக்கம்மா"ன்னாரு.

"திருப்பதி சாமி பேருங்க."

"விடுகதைக்கெல்லாம் நேரம் இல்லம்மா, இன்னும் நாலு ஊரு போகணும்."

பேரு தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆயுசு ஞாபகம் வந்துச்சு, முழுங்கிட்டா. வேற யாரையாச்சும் கூட்டியாந்து சொல்ல வைக்கலாம்னு குடுகுடுன்னு ஓடினா. ஊரே களை எடுக்கப் போயிருந்துச்சு. திரும்பி வந்தா சைக்கிளும் இல்ல, தபாலும் இல்ல, வந்த வழியே போயிடுச்சு. அப்படியே உக்காந்து அழுதா. நானா இருந்தாலும் அழுதிருப்பேன்.

கொஞ்ச நாள் கழிச்சு, லீவுல வந்த பட்டாளத்துக்காரன் ஒருத்தன் வந்து சொன்னான். "என்னக்கா, கடுதாசி வரலையா? அண்ணனுக்குக் கண்ணுல அடி. புதன்கிழமை ஆஸ்பத்திரி ரயில்ல பெங்களூர் போறாரு. ஜோலார்பேட்டையில பத்து நிமிசம் நிக்கும். உன்னை வரச் சொல்லித்தானே ஆள் வச்சு எழுதினாரு."

ம், கேக்கறியா? புதன்கிழமை விறுவிறுன்னு நடந்தே போயிட்டா. குப்பு குப்பு குப்பு, புஸ்ஸ்னு ரயில் வந்து நின்னுச்சு. உள்ளே பாத்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, எல்லாரும் எலும்பும் தோலுமா, பாதிப்பேருக்கு முகம் பூரா வெள்ளைத் துணிக் கட்டு. இதுல எது இவ ஆளு?

மொதப் பெட்டிகிட்டப் போயி "ஏங்க"ன்னா. பெட்டி பூரா தலை திரும்புச்சு. ஒவ்வொருத்தனும் தன் பொண்டாட்டிதான்னு நெனச்சுட்டான். இவளுக்கு நெஞ்சே வலிச்சுது. ரெண்டாம் பெட்டி, "ஏங்க". அங்கயும் அதே கதை. மூணாம் பெட்டிக்கு ஓடறதுக்குள்ள கூவ்வ்னு ஊதிட்டாங்க.

இப்ப விட்டா மனுசனே இல்ல. ஆயுசைச் சாமி பாத்துக்கட்டும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "ஏழுமலை"ன்னா. அப்புறம் இன்னும் சத்தமா, "ஏழுமலை".

இந்தத் தடவை ஒரே ஒரு தலைதான் திரும்புச்சு. "யாரு அது?"ன்னாரு. தன் பேரை அவ குரல்ல அவரு கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்?

"நான்தாங்க."

அவரு தடவித் தடவி ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டினாரு. "பச்சையம்மா, இன்னொரு தரம் சொல்லு."

சொல்லிக்கிட்டே ரயில்ல ஏறிட்டா. ஆயுசு கொறஞ்சுதான்னா கேக்கற? ஒரு கண்ணு தேறிடுச்சு, எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு, பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் சோத்துக்கே வருவாரு. ரயிலும் போயிடுச்சு, கதையும் எறங்கிடுச்சு, நீ கண்ணை மூடு.