சுவரிடம் சொல்லிவிட்டு இடி

ரொம்பக் காலத்துக்கு முன்னே சிலம்பூர்ச் சீமையைக் கோமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை, அப்படிப்பட்ட மனுஷர். ஒருநாள் திடீரென்று, "ஊர் நடுவிலே இருக்கிற பழைய கல்மண்டபத்தை இடியுங்கள். அங்கே எனக்கு யானைகளைக் கட்ட ஒரு கொட்டாரம் வேண்டும்" என்றார்.

இந்த ஆசையை அவர் காதில் போட்டது மகுடேசர். ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் அவருக்குத்தான். ஊர்ச்சபைத் தலைவி உலகுடையாளைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

உலகுடையாள் ராஜசபைக்கு வந்தாள். "மகாராஜா, பழைய கட்டடத்தை இடிக்க எங்கள் ஊர்ச்சபையில் ஒரு விதி உண்டு. இடிக்கச் சொன்னவர் தனியாக உள்ளே போய், கிழக்குக் கோடிச் சுவரில் வாய் வைத்து, ஏன் இடிக்கிறோம் என்று அதனிடம் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் மண்டபம் சும்மா விடாதாம்."

மகுடேசர் விழுந்து விழுந்து சிரித்தார். "சுவரிடமா? இவள் உங்களைக் கேலி பண்ணுகிறாள் மகாராஜா!"

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "யோசனை சொன்ன மகுடேசரே நாளை உச்சிவேளையில் போய்ச் சொல்லட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் உன் தலை போய்விடும்!"

உலகுடையாள் அசரவில்லை. எல்லாரும் போனபிறகு ராஜாவிடம் வந்து, "அவருக்குத் தெரியாமல் நீங்கள் பின்வாசல் வழியே போய், மேற்குக் கோடிச் சுவரில் காதை வைத்து நில்லுங்கள். அது போதும்" என்றாள்.

மறுநாள் வெளியே வெயில் கொளுத்தியது. மண்டபத்துக்குள்ளே மட்டும் ஈரக் குளிர். ஒரு புறாகூட இல்லை. மகுடேசருக்குப் பின்னாலேயே வந்த தெருநாய், படியைக் கண்டதும் வாலை ஒடுக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று. அவர் கிழக்குக் கோடிச் சுவரில் வாய் வைத்துக் கிசுகிசுத்தார்: "கூரை விரிசல் விட்டுவிட்டது. ஜனங்கள்மேல் விழும். அதனால்தான்."

மேற்குக் கோடியில் தூண் மறைவில் நின்ற ராஜாவுக்கு அது காதுக்குள்ளேயே சொன்ன மாதிரி கேட்டது! அடேயப்பா, இந்தக் கோடிப் பேச்சை அந்தக் கோடிக்குக் கொண்டுபோகிற மாதிரியல்லவா கூரையை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்!

அப்போது யாரோ சிரித்தார்கள். மெல்லிசான, வயதான சிரிப்பு.

மகுடேசர் தடாலென்று மண்டியிட்டார். "ஐயோ, சொல்லிவிடுகிறேன்! கூரைக்கு ஒன்றுமில்லை. இந்தத் தூண்களை என் புது மாளிகைக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். உலகுடையாளும் ஒழிவாள் என்று நினைத்தேன். ராஜா ஒரு மடையர், எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். என்னை விட்டுவிடு!"

"அந்த மடையன் இங்கேதான் நிற்கிறேன்!" என்று ராஜா வந்தார்.

அங்கேயே தீர்ப்பு. புது மாளிகைக்கு வாங்கிவைத்த சுண்ணாம்பும் கல்லும் இந்த மண்டபத்தைப் பழுதுபார்க்க வர வேண்டும். சாந்துச் சட்டி சுமப்பதும் மகுடேசரேதான்.

உலகுடையாளை உள்ளே அழைத்து, ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். "இனி நானே கேட்டாலும் விதியை விட்டுக்கொடுக்காதே. அது சரி, எங்கே ஒளிந்துகொண்டு சிரித்தாய், கெட்டிக்காரி?"

உலகுடையாள் முகம் வெளுத்தது. "சிரிப்பா? நான் ஊர் ஜனத்தோடு வாசலில்தானே நின்றேன். உள்ளே உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமே இல்லையே மகாராஜா."

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்குக் கோடிக்குப் போனார். சுவரில் வாய் வைத்து, "காரணம் கேட்காமல் இடிக்கச் சொன்னது என் தப்புதான்" என்றார்.

மேற்குக் கோடியிலிருந்து "ம்" என்று கேட்டது. அங்கே யாரும் இல்லை.

அப்புறம் அந்தச் சீமையில் பழஞ்சுவர் எதிலும் யாரும் சும்மா கடப்பாரை வைத்ததில்லை. மண்டபம் இன்னும் நிற்கிறதாம். அந்தப் பக்கம் போனால் உள்ளே போய்ப் பாருங்கள், பொய் மட்டும் பேசாதீர்கள்.