போடிமெட்டுக்கு ஒரு பகல்

சுருளிநாதன் அன்று காலையும் அதையே கேட்டார்.

"அம்மா, எனக்கு எப்போ துறவு கொடுப்பீங்க?"

தில்லையம்மை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைகை அணைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கரட்டுக் குன்றை ஒட்டி இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. வயது ஐம்பதைத் தொடவில்லை. சுருளிநாதன் அவரைவிட மூத்தவர். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு சொந்தக் காரில் வந்து இறங்கியவர்.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த அன்று, "குடும்பக் கடமையெல்லாம் முடிச்சிட்டேன்" என்று சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. அம்மையாரும் கேட்கவில்லை.

"மலையைப் பக்கத்துல போய்ப் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றார் அம்மையார். "நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. காலையில கெளம்பினா இருட்டுறதுக்குள்ள திரும்பிடணும். ஒரே மூச்சா ஓட்ட வேண்டாம். அங்கங்க கொஞ்சம் நிப்பாட்டி, பார்த்துட்டுப் போகணும்."

"போகலாம்மா. ஆனா நான் கேட்டது…"

"எந்த வழி, எங்கெங்க நிக்கிறது, எல்லாம் நீங்களே யோசிச்சு வைங்க."

வேண்டா வெறுப்பாகத்தான் சுருளிநாதன் எழுந்து போனார். ஆனால் மதியத்துக்குள் அவர் வேறு ஆளாகியிருந்தார். புளியமரத்தடியில் புழுதி படிந்து நின்ற காரை வெளியே எடுத்தார். கழுவினார். சக்கரங்களுக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தார். பின் சீட்டை இரண்டு முறை தட்டித் துடைத்தார். எப்போதும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறவர், அன்று இலையில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் பேசினார்.

"முதல்ல அணைக்கட்டு. மதகுக்கு நேரா ஒரு புல்வெளி இருக்கு, வண்டி அதுவரைக்கும் போகும். தண்ணிச் சத்தம் நல்லாக் கேக்கும். அப்புறம் தேனி தாண்டி, போடிக்கு முன்னால ரோட்டோரமா ஒரு தென்னந்தோப்பு. அங்க பம்பு செட்டு ஓடும். மலை ஏறினதும் எல்லா வளைவுலயும் நிக்கக் கூடாதும்மா, வயித்தைப் பெரட்டும். ஒரே ஒரு வளைவு, காத்து நேரா வந்து மூஞ்சில அடிக்கும், அங்க மட்டும் நிப்போம். மேல போடிமெட்டுல டீ."

பக்கத்தில் இருந்த இன்னொரு சீடர், "வழியில அருவி இருக்குமே, அதையும் பார்க்கலாமே" என்றார்.

"அருவி வேண்டாம். படி இறங்கணும்."

"அம்மா நல்லா நடப்பாங்களே?"

"வேண்டாங்க. வண்டி போற இடமா இருந்தாத்தான் சரி," என்றார் சுருளிநாதன். பிறகு, "அந்த டீயைச் சூடாக் கொடுக்கக் கூடாது. நல்லா ஆத்திக் கொடுக்கணும்" என்றார்.

அம்மையார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

மறுநாள் காலை புறப்பட்டார்கள். அம்மையார் முன் சீட்டில் உட்கார்ந்தார். சுருளிநாதன் ஓட்டினார். பனி விலகாத ரோட்டில் அவர் வண்டியை ஓட்டிய விதம் அம்மையாருக்குப் புதிதாக இருந்தது. பள்ளம் வரும் முன்பே வேகம் குறைந்தது. மேடு தெரியாமல் வண்டி ஏறி இறங்கியது. மடியில் நிறைகுடம் வைத்திருப்பவர் போல ஓட்டினார்.

அணையின் புல்வெளியில் வண்டியைத் திருப்பி, இடது பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி நிறுத்தினார். இறங்கினார். சுற்றி வந்து, பின்பக்க இடது கதவை அகலமாகத் திறந்தார்.

பின் சீட்டில் யாரும் இல்லை.

ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். அதற்குள் அம்மையார் முன் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கிவிட்டார். இருவரும் மதகைப் பார்த்தார்கள். தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"நல்ல இடம்," என்றார் அம்மையார்.

தேனியைத் தாண்டி, தோப்பு வந்தது. பம்பு செட்டுக் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டியது. சுருளிநாதன் மறுபடியும் வண்டியைத் திருப்பினார். இடது பக்கம் தொட்டியைப் பார்த்தது. இறங்கினார். சுற்றி வந்தார். பின் கதவைத் திறந்தார்.

இந்த முறை அம்மையார் இறங்கவில்லை.

"ஐயா, நான் முன்னால உக்காந்திருக்கேன்."

"தெரியும்மா. பழக்கம்."

"அங்க யாரு உக்காருவாங்க?"

சுருளிநாதன் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார். தெறித்த நீர் அவர் வேட்டியை நனைத்தது.

"என் மகன்."

அம்மையார் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

"சுந்தரவேல்னு பேரு. பிறவியிலேயே நடக்க வராது. பேச வராது. சிரிப்பான். கார்ல போனா மட்டும் சிரிப்பான். ஞாயித்துக்கிழமை ஆனா இந்த வழியாத்தான் கூட்டிட்டு வருவேன். மாசத்துல ஒரு தடவை மலைக்கும் போவோம். ரொம்ப நேரம் ஒரே மாதிரி உக்கார முடியாது அவனால. அதான் அங்கங்க நிப்பாட்டி, கதவைத் திறந்து, சாச்சு வச்சு… இந்தத் தண்ணி மேல தெறிச்சா அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்."

"இப்போ என்ன வயசு?"

"முப்பத்திமூணு."

"வந்தப்போ, கடமை முடிஞ்சதுன்னு சொன்னீங்க."

"சாப்பாட்டுக்குக் குறை வைக்கலைம்மா. வீடு என் சம்சாரம் பேருல இருக்கு. எல்லாம் செஞ்சு வச்சிட்டுத்தான் வந்தேன். முப்பது வருஷம் தூக்கினேம்மா. குளிப்பாட்ட, படுக்க வைக்க, கக்கூசுக்கு. ஒரு நாள் முடியலைன்னு தோணிச்சு. சாமியைத் தேடிக் கெளம்பிட்டேன்."

"இப்போ யாரு தூக்குறாங்க?"

சுருளிநாதன் பின் கதவைச் சாத்தினார்.

"வீடு எங்க?"

"போடியிலதான். ஊருக்குள்ள போகாம, சுத்துப் பாதையில மலைக்குப் போயிடலாம்னு நெனச்சிருந்தேன்."

"ஊருக்குள்ளேயே போங்க," என்றார் அம்மையார்.

ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவைக் கடந்து, ஒரு சந்தின் முனையில் வண்டி நின்றது. பச்சைக் கம்பிக் கதவு போட்ட ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த சன்னல் சாத்தியிருந்தது. சுருளிநாதன் இறங்கவே இல்லை. அம்மையார்தான் போய்க் கதவைத் தட்டினார்.

சுருளிநாதனின் மனைவி பாண்டீஸ்வரி வந்து திறந்தாள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தாள், முதுகு வலிக்காரர்கள் கட்டுவது. அம்மையாரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் காரைப் பார்த்தாள். காருக்குள் இருந்தவரைப் பார்த்தாள்.

"வாங்கம்மா," என்றாள் அம்மையாரிடம். "அவரையும் வரச் சொல்லுங்க. தெருவுல நின்னா நாலு பேரு கேப்பாங்க."

உள்ளே நாற்காலி போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். கணவருக்கும் ஒரு டம்ளர் வைத்தாள், வந்தவர் எவருக்கும் வைப்பது போல.

"நல்லா இருக்கியா?" என்றார் சுருளிநாதன்.

அவள் அம்மையாரைப் பார்த்தே பேசினாள். "இவரு போன புதுசுல, என்னிக்கு ஞாயிறுன்னு அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிரும்மா. விடிஞ்சதுலருந்து வாசலைப் பார்த்தே கெடப்பான். தெருவுல எந்த வண்டி போனாலும் கத்துவான். எடுத்துச் சொல்ல முடியுமா? சொன்னாப் புரியுமா? அதான் சன்னலைச் சாத்திட்டேன். ரேடியோவைச் சத்தமா வச்சேன். கொஞ்சம் கொஞ்சமா மறந்தான். ஒரு வருஷம் ஆச்சும்மா மறக்கடிக்க."

"பார்க்கலாமா?" என்றார் அம்மையார்.

"பாருங்க."

உள் அறையில் தரையோடு தரையாக மெத்தை போட்டிருந்தது. சுந்தரவேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தாடியை மழித்து, தலை வாரி, பவுடர் போட்டு வைத்திருந்தாள். முதுகு வளைந்து, கால்கள் இரண்டும் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தன. ஆள் சுருங்கிப் போயிருந்தான்.

சுருளிநாதன் கதவருகே நின்றார். "கால் ஏன் இப்படி ஆச்சு?"

"தூக்கி உக்கார வைக்க ஆள் இல்ல. என்னால ஆன வரைக்கும் செஞ்சேன். என் இடுப்பு போச்சு. படுத்தே கெடந்தான், மடங்கிருச்சு. இனிமே உக்கார வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எந்தச் சாமிகிட்டன்னு சொல்லிட்டுப் போனீங்களா?"

அந்தக் குரல்களைக் கேட்டு சுந்தரவேல் கண்ணைத் திருப்பினான். முதலில் அம்மையார் மேல் பட்டது. அங்கிருந்து நகர்ந்தது. சுருளிநாதன் மேல் வந்து நின்றது.

வெகு நேரம் நின்றது.

பிறகு அவன் உதடுகள் குவிந்தன. எச்சில் தெறிக்க, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டுர்ர்ர். கார் கிளம்பும் சத்தம். மறுபடியும், டுர்ர்ர். முகம் முழுக்கச் சிரிப்பு. மடங்கிய கையை வாசல் பக்கமாக ஆட்டினான். டுர்ர்ர். டுர்ர்ர்.

சுருளிநாதன் ஓடிப்போய் மெத்தையில் உட்கார்ந்தார். அவன் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். பழகிய கை, பழகிய பிடி. ஆனால் உடம்பு அந்தப் பிடிக்கு வரவில்லை. சுந்தரவேல் வலியில் அலறினான். விட்டதும் மறுபடி சிரித்தான். மறுபடி டுர்ர்ர்.

பாண்டீஸ்வரி அப்போதுதான் முதல்முறையாகக் கணவரை நேராகப் பார்த்தாள்.

"ஆரம்பிச்சு விட்டுட்டீங்களா?"

"பாண்டீசு…"

"ஒரு வருஷம்ங்க. ஒரு வருஷம் ராவும் பகலும் இந்தச் சத்தத்தை நான் ஒருத்தியாக் கேட்டேன்."

"நான் இருக்கேன். இங்கயே இருந்துடறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

சுருளிநாதன் வாயைத் திறந்தார். உடனே வந்திருக்க வேண்டிய ஒரு சொல் இருந்தது. அது வரவில்லை. அவர் பார்வை மெத்தையிலிருந்து, மூலையிலிருந்த பிளாஸ்டிக் வாளிக்கும், அதன் மேல் காய்ந்த துணிகளுக்கும் போய்த் திரும்பியது.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை.

"கெளம்புங்க. நீங்க இருந்து, அவனுக்குப் பழகி, மறுபடி ஒரு நாள் முடியலைன்னு போனீங்கன்னா, இன்னொரு தடவை மறக்கடிக்க எனக்குத் தெம்பு இல்ல. போயிட்டு வரேன்னு சொல்லாதீங்க. சும்மாப் போங்க."

அம்மையாரிடம் திரும்பி, "அம்மா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். ரேடியோவைத் திருகினாள். எவ்வளவு சத்தமாக வைத்தும் உள்ளே இருந்து அந்த டுர்ர்ர் கேட்டது.

ஊரைத் தாண்டியதும் சுருளிநாதன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எதிரே மலை முழுவதுமாகத் தெரிந்தது. வளைவு வளைவாக ரோடு ஏறிப்போவதும் தெரிந்தது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். அம்மையார் தடுக்கவில்லை.

அழுது முடித்து, அவர் கேட்டார். "எதுக்கும்மா என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க? மறந்து கெடந்தவனை எழுப்பி விட்டாச்சு. இன்னிக்கு ராத்திரி அவன் தூங்குவானா? அவதான் தூங்குவாளா? யாருக்கு என்ன நல்லது ஆச்சு?"

"யாருக்கும் ஆகலை," என்றார் அம்மையார். "அந்தப் பாவத்துல பாதி என்னோடது. அதை நான் சுமக்கணும்."

வெயில் ஏறிவிட்டது. மலைக்குப் போகிற வண்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்தன. ஒரு வேனில் இருந்த குடும்பம் சன்னல் வழியே கையை நீட்டி மலையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனது.

"மேல போகலாமாம்மா?"

"வேண்டாம். திரும்புங்க."

அவர் சாவியைத் தொட்டார். ஆனால் திருப்பவில்லை.

"அவளும் போன்னு சொல்லிட்டா. இனி எனக்குப் போக வீடு இல்ல. கேக்க ஆள் இல்ல. பந்தம்னு எதுவுமே இல்லம்மா. இப்பவாவது எனக்குத் துறவு கொடுங்க."

அம்மையார் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் துறந்தது அவங்க, ஐயா. நீங்க இல்ல."